வீட்டுச் சந்தை படுத்துவிட்டால்: அரசின் கையில் உள்ள வழிகளில் எது எப்போது பலிக்கும்?

வீடு விற்கவில்லை என்று கட்டுநர்கள் அரசிடம் போய் நிற்கும்போது, முதலில் வைக்கும் கோரிக்கை பெரும்பாலும் முத்திரைத் தீர்வையைக் குறையுங்கள் என்பதுதான். அரசுக்கும் அது வசதி. ஒரு ஆணை போதும், மறுநாளே அமலுக்கு வரும், தலைப்புச் செய்தியும் ஆகும். பாதியில் நிற்கும் கட்டடங்களை முடித்துக் கொடுப்பதோ, தவணை கட்ட முடியாதவரின் கடனை மாற்றி எழுதுவதோ அப்படியல்ல. தணிக்கையாளர் வேண்டும், வங்கியின் சம்மதம் வேண்டும், பலன் தெரிய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதனால் சுலபமான கருவி முதலில் எடுக்கப்படுகிறது, தேவையான கருவி கடைசியில். 1990-களின் ஜப்பானிலிருந்து 2020-களின் சீனா வரை, இந்த வரிசைக் குழப்பத்துக்குக் கொடுத்த விலைதான் அதிகம்.

எந்தக் கருவி என்பதற்கு முன் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான்கு எண்கள் போதும். ஒன்று, விற்காமல் இருக்கும் வீடுகளை மாத விற்பனையால் வகுத்து வரும் மாதக் கணக்கு. 24,000 வீடுகள் தேங்கி, மாதம் 1,000 விற்றால் 24 மாத இருப்பு. இரண்டு, அந்த இருப்பில் கட்டி முடித்தவை எத்தனை, அரைகுறையாக நிற்பவை எத்தனை. மூன்று, 90 நாளுக்கு மேல் தவணை நின்ற வீட்டுக் கடன்களின் பங்கு. நான்கு, வங்கிகள் திருப்பி அனுப்பும் கடன் விண்ணப்பங்களின் பங்கு. விலைக் குறியீட்டை மட்டும் பார்த்து முடிவெடுப்பது ஏமாற்றும். சரிவின் தொடக்கத்தில் விலை இறங்காது, விற்பனை எண்ணிக்கைதான் முதலில் விழும். விற்பவர் பழைய விலையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார், வாங்குபவர் இன்னும் இறங்கட்டும் என்று காத்திருப்பார்.

முத்திரைத் தீர்வைக் குறைப்பு

இதை வெறும் சலுகை என்று ஒதுக்கிவிட முடியாது. தீர்வை கடனில் சேராது, கைப்பணத்திலிருந்து போகிறது. அதனால் அதன் வீச்சு சதவீதத்தைவிடப் பெரிது. ஒருவரிடம் கைப்பணம் 26 இருக்கிறது என்று வையுங்கள். வீட்டு விலையில் 20 சதவீதம் முன்பணம், 6 சதவீதம் தீர்வை என்றால் அவரால் 100 விலையுள்ள வீட்டை வாங்க முடியும். தீர்வை 3 சதவீதமானால் அதே பணத்தில் 113 வரை போகலாம். மூன்று சதவீதக் குறைப்பு, கைப்பணம் இல்லாமல் தவிப்பவரின் எல்லையைப் பதின்மூன்று சதவீதம் உயர்த்துகிறது. விற்பனை எண்ணிக்கை சட்டென்று ஏறுவது இதனால்தான். சந்தையில் வீடுகள் குறைவாக இருந்தால், அந்தப் பதின்மூன்றையும் விற்பவர் விலையில் ஏற்றிக்கொள்வதும் இதனால்தான்.

தவறு பெரும்பாலும் முடிவுத் தேதியில் நடக்கிறது. பிரிட்டன் 2020 ஜூலையில் இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் தீர்வை தொடங்கும் வரம்பை 5 லட்சம் பவுண்டுக்கு உயர்த்தியது. 2021 மார்ச் 31 கடைசி நாள். அந்தத் தேதிக்குள் முடிக்க வழக்கறிஞர்களும் மதிப்பீட்டாளர்களும் போதவில்லை. ஒருவர் தன் வீட்டை விற்று அடுத்ததை வாங்குகிறார், அவரை நம்பி இன்னொருவர் நிற்கிறார். சங்கிலியில் ஒரு கண்ணி தாமதித்தால் எல்லாமே தாமதம். கடைசியில் ஜூன் 30 வரை நீட்டித்து, பிறகு 2.5 லட்சம் வரம்போடு செப்டம்பர் 30 வரை இழுத்தார்கள். ஜூனில் விற்பனை உச்சம் தொட்டது, ஜூலையில் விழுந்தது. அந்தக் காலத்தில் விலைகளும் ஏறின. விழுந்து கிடந்த சந்தைக்குக் கொடுத்த மருந்து, எழுந்து ஓடிய சந்தைக்கும் தொடர்ந்து போனது.

மகாராஷ்டிரம் அதே ஆண்டு இதைச் சற்று நேர்த்தியாகச் செய்தது. 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 5 சதவீதம் 2 ஆனது. 2021 ஜனவரி முதல் மார்ச் வரை 3 சதவீதம். ஒரே நாளில் சுவர்போல் முடியாமல் படிப்படியாக ஏறியது. அதோடு, பத்திரம் எழுதிய நான்கு மாதத்துக்குள் பதிவு செய்யலாம் என்ற சட்ட வசதி இருந்ததால், டிசம்பரில் தீர்வையைக் கட்டிவிட்டுப் பதிவைப் பின்னால் வைத்துக்கொள்ள முடிந்தது. பதிவு அலுவலக வாசலில் நெரிசலைக் குறைக்க இதைவிட மலிவான ஏற்பாடு கிடையாது.

இன்னொரு பொறி வழிகாட்டி மதிப்பு, அதாவது தீர்வை கணக்கிட அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்ச விலை. சந்தை விலை அரசின் வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போய்விட்டால், வாங்குபவர் கொடுக்காத விலைக்கும் சேர்த்துத் தீர்வை கட்டுகிறார். விகிதத்தைக் குறைத்துவிட்டு மதிப்பை அப்படியே விட்டால் சலுகை பாதி கரைந்துவிடும். இந்திய வருமான வரிச் சட்டத்தில் இது இன்னும் கடுமை. விற்ற விலைக்கும் அரசு மதிப்புக்கும் இடைவெளி 10 சதவீதத்தைத் தாண்டினால், கட்டுநருக்கும் வாங்குபவருக்கும் அந்த வித்தியாசம் வருமானமாகக் கணக்காகும். அதாவது விலையைக் குறைத்து விற்கத் துணிந்தவருக்கே வரி. 2020 நவம்பர் 12 முதல் 2021 ஜூன் 30 வரை, 2 கோடி ரூபாய்க்கு உட்பட்ட புது வீடுகளின் முதல் விற்பனைக்கு அந்த இடைவெளியை 20 சதவீதமாகத் தளர்த்தினார்கள். சத்தமில்லாத மாற்றம்தான். ஆனால் விலை இறங்க வேண்டிய சந்தையில் விலையை இறங்க விடுவதே பெரிய உதவி.

ஹாங்காங் 2024 பிப்ரவரி 28 அன்று, வெளியாருக்கும் இரண்டாம் வீட்டுக்கும் குறுகிய கால மறுவிற்பனைக்கும் இருந்த கூடுதல் தீர்வைகள் அத்தனையையும் ஒரே நாளில் நீக்கியது. சில வாரங்கள் விற்பனை துள்ளியது. பிறகு விலை மறுபடி சரிந்தது. அங்கே அறுந்திருந்த கண்ணி வட்டி. அமெரிக்க டாலரோடு கட்டிப்போட்ட நாணயம் என்பதால் வட்டியைத் தானாகக் குறைக்க அந்த அரசால் முடியாது. தீர்வையை நீக்கி வட்டிக்கு மருந்து போட முடியவில்லை.

வாங்குபவர் கையில் பணம்: மானியம், பங்குக் கடன், குறைந்த முன்பணம்

மூன்றும் ஒரே குடும்பம், ஆனால் ஆபத்து வேறு வேறு. அமெரிக்கா 2009-ல் முதல் வீடு வாங்குவோருக்கு 8,000 டாலர் வரிக் கழிவு கொடுத்தது. 2008-ல் கொடுத்த 7,500 டாலரைப் பதினைந்து ஆண்டுகளில் திருப்பிக் கட்ட வேண்டும்; இதைக் கட்ட வேண்டாம். 2010 ஏப்ரல் 30-க்குள் ஒப்பந்தம் போட வேண்டும் என்று முடிவு வைத்தார்கள். அந்த ஜூலையில் பழைய வீடுகளின் விற்பனை முந்தைய மாதத்தைவிட ஏறக்குறைய 27 சதவீதம் விழுந்தது. நாளை வாங்க இருந்தவரை இன்று வாங்க வைத்தால் நாளைய கணக்கில் அவர் இருக்கமாட்டார். எப்படியும் வாங்கியிருக்கக்கூடியவர்களுக்கும் அந்தப் பணம் போனது.

பங்குக் கடன் ஓரளவு நியாயமானது. இங்கிலாந்தில் 2013 முதல் 2023 வரை நடந்த திட்டத்தில் வாங்குபவர் 5 சதவீதம் போட்டால் அரசு 20 சதவீதம் கடன் தந்தது. 2016 முதல் லண்டனில் 40 சதவீதம் வரை. ஐந்து ஆண்டுகள் வட்டி இல்லை. திருப்பித் தர வேண்டியது வாங்கிய தொகை அல்ல, அன்றைய மதிப்பில் அதே பங்கு. விலை ஏறினால் அரசுக்கும் லாபம், இறங்கினால் இழப்பிலும் பங்கு. புது வீட்டுக்கு மட்டும் என்பதால் கட்டுமானத்துக்கு ஊக்கம் என்பது வாதம். நிலம் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் அது ஓரளவு உண்மை. நிலம் இறுகிய ஊரில் புது வீட்டின் விலைச் சீட்டுதான் மாறும்.

முன்பணத் தளர்வுதான் இந்தக் குடும்பத்தில் கவலைக்குரியது, ஏனென்றால் அரசுக்குக் காசு செலவில்லை என்று தோன்றும். சீனா 2024 மே மாதம் முதல் வீட்டுக்கு 15 சதவீதம், இரண்டாவதுக்கு 25 என்று தேசியக் கீழ்வரம்பை இறக்கி, அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டுக்கும் 15 ஆக்கியது. இறங்கிக்கொண்டிருக்கும் சந்தையில் 15 சதவீத முன்பணத்தோடு உள்ளே வருபவர், விலை இன்னும் 15 சதவீதம் இறங்கினால் போட்ட பணம் முழுவதையும் இழக்கிறார். அதன்பின் வேலை போனால் அவரால் வீட்டை விற்றுக்கூடக் கடனை அடைக்க முடியாது. செலவு மறையவில்லை, வாங்குபவர் தலைக்கும் வங்கியின் கணக்குப் புத்தகத்துக்கும் இடம் மாறியிருக்கிறது. விலை அடிமட்டத்தைத் தொட்ட பிறகு இதைச் செய்யலாம், சரிவின் நடுவில் கூடாது.

பாதியில் நிற்கும் வீடுகளை முடித்துக் கொடுப்பது

கட்டுவதற்கு முன்பே விற்கும் பழக்கம் உள்ள எந்த நாட்டிலும் முதலில் பார்க்க வேண்டியது இது. பணம் இருப்பவரும் வாங்காமல் நிற்பது விலைக்காக அல்ல, வீடு கைக்கு வருமா என்ற பயத்தால். 2020 ஆகஸ்ட்டில் சீனா கட்டுநர்களின் கடனுக்கு மூன்று வரம்புகள் வைத்தது. கடனில் மிதந்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். பெரும் கட்டுநரான எவர்கிராண்டே 2021 டிசம்பரில் கடன் தவறியதாக அறிவிக்கப்பட்டது. 2022 கோடையில் பல ஊர்களில் வீடு வாங்கியவர்கள், கட்டடம் நின்றுவிட்டது, இனித் தவணை கட்டமாட்டோம் என்று கூட்டாக அறிவித்தார்கள். அந்த ஒரு செய்தி புது வீட்டு விற்பனைக்குச் செய்த சேதத்தை எந்த வட்டிக் குறைப்பும் ஈடுகட்டவில்லை.

இந்தியா 2019 நவம்பரில் பாதியில் நிற்கும் வீடுகளை முடிக்க, 25,000 கோடி ரூபாய் இலக்கோடு ‘ஸ்வாமி’ நிதியை அறிவித்தது. அதில் மத்திய அரசின் பங்கு 10,000 கோடி வரை. கட்டுநர்களைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையமான ரேராவில் பதிவான, முடித்தால் வரவு செலவைத் தாண்டும் திட்டங்களுக்கு மட்டும் பணம். 2025 பட்ஜெட் உரைப்படி 50,000 வீடுகள் முடிந்திருந்தன, இன்னொரு 15,000 கோடி நிதியும் அறிவிக்கப்பட்டது. தேவையோடு ஒப்பிட்டால் சிறிய எண். காரணம், தேறும் திட்டத்துக்கும் தேறாத திட்டத்துக்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது.

ஒரு கணக்கு. 400 வீடுகள் கொண்ட திட்டம், 300 விற்றுவிட்டன. மீதி வேலைக்குச் செலவு 60 கோடி. ஏற்கெனவே வாங்கியவர்கள் தர வேண்டிய பாக்கி 25 கோடி, விற்காத 100 வீடுகளின் மதிப்பு 50 கோடி, மொத்த வரவு 75. பணம் இரண்டு ஆண்டுகளில் கட்டம் கட்டமாக இறங்கினால் 12 சதவீதத்தில் வட்டி ஏறக்குறைய 7 கோடி. செலவு 67, மிச்சம் 8. கடன் கொடுக்கலாம். இப்போது சந்தை விலை 20 சதவீதம் இறங்கட்டும். விற்காத வீடுகள் 40 கோடி, வரவு 65, செலவு 67. தேறாது. விலை இறங்காமல் வேலை ஒரு ஆண்டு தாமதமானாலும் மிச்சம் கிட்டத்தட்ட கரைந்துவிடும். அதனால்தான் காலம் தாழ்த்தி வரும் உதவி நிதி, தொடக்கத்தில் காப்பாற்றியிருக்கக்கூடிய திட்டங்களை நிராகரிக்கிறது.

செயல்படுத்தும் வரிசை முக்கியம். முதலில் தடயவியல் தணிக்கை: வாங்கியவர்களின் பணம் எங்கே போனது, ஒரே வீடு இருவருக்கு விற்கப்பட்டதா. அடுத்து, சுயேச்சையான பொறியாளர் மீதி வேலையை அளந்து செலவு சொல்ல வேண்டும். கட்டுநரின் மதிப்பீட்டை எடுத்துக்கொண்டால் பாதி வழியில் மறுபடி பணம் கேட்பார்கள். மூன்றாவது, புதுப் பணத்துக்கே முதல் உரிமை என்று பழைய வங்கிகள் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் முட்டி நிற்பது இந்தக் கட்டத்தில்தான். பழைய வங்கிக்கு நிலம் அடமானம். தன் இடத்தை விட்டுக்கொடுக்க அதற்கு மனம் வராது, விட்டுக்கொடுக்காவிட்டால் நிலமும் அரைகுறைச் சுவர்களும்தான் மிஞ்சும் என்பது தெரிந்தும். நான்காவது, வரவு செலவு முழுவதும் தனிக் கணக்கில், பொறியாளரின் கையெழுத்துக்குப் பிறகே பணம் வெளியேற வேண்டும். இந்திய ரேரா சட்டம் வாங்குவோர் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்வது இதே காரணத்துக்காக. கடைசியாக, அரசுக்கு வர வேண்டிய நிலக் குத்தகை பாக்கி, அபராத வட்டி. தன் பாக்கியைத் தள்ளிவைக்க அரசே மறுத்துக்கொண்டு, வங்கியை மட்டும் விட்டுக்கொடுக்கச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

தேறாத திட்டங்களுக்கு வேறு வழி வேண்டும். ஆம்ரபாலி என்ற கட்டுநர் நிறுவனத்தின் வழக்கில் 2019 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் கட்டுநரின் பதிவையே ரத்து செய்து, பொதுத்துறை நிறுவனமான என்பிசிசியிடம் வேலையை ஒப்படைத்தது. எல்லாத் திட்டத்துக்கும் உச்ச நீதிமன்றம் வர முடியாது என்பதுதான் இதன் எல்லை.

தவணை கட்ட முடியாதவரை வீட்டிலேயே வைத்திருப்பது

ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு வீடும் அக்கம்பக்கத்து விலையை இறக்குகிறது. கட்டாய விற்பனை பெருகும் சரிவில், வாங்க ஆள் சேர்ப்பதைவிட விற்க வேண்டிய நிலையைத் தடுப்பது மலிவு. 1933-ல் அமெரிக்கா தொடங்கிய வீட்டு உரிமையாளர் கடன் கழகம் இதைச் செய்தது. வங்கிகளுக்குக் கடன் பத்திரம் கொடுத்து, தவறிய கடன்களை வாங்கி, பதினைந்து ஆண்டுத் தவணையாக மாற்றியது. சுமார் 10 லட்சம் கடன்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பிறகும் வீட்டை இழந்தார். ஆனாலும் கழகம் 1951-ல் சிறு உபரியோடு மூடப்பட்டது.

2009-ல் அதே நாடு கடன் நிறுவனங்கள் வழியாகச் செய்ய முயன்றது. தவணை, மாத வருமானத்தில் 31 சதவீதம் ஆகும்வரை முதலில் வட்டியை 2 சதவீதம் வரை இறக்குவது, போதாவிட்டால் காலத்தை 40 ஆண்டு வரை நீட்டுவது, அதுவும் போதாவிட்டால் அசலில் ஒரு பகுதியை வட்டியில்லாமல் தள்ளிவைப்பது. வடிவமைப்பில் பெரிய குறையில்லை. நடத்தியவர்கள் கையில்தான் கெட்டது. குறைந்த தவணையைக் கட்டிப் பார்க்கும் மூன்று மாத முன்னோட்டம், மறுபடி மறுபடி ஆவணம் கேட்பது, தொலைந்துபோன கோப்புகள். 2010 கோடைக்குள் நிரந்தரமான மாற்றங்களைவிட ரத்தான முன்னோட்டங்கள் அதிகம். 30 முதல் 40 லட்சம் குடும்பங்கள் என்று இலக்கு வைத்து, அதில் பாதி அளவையே எட்டினார்கள். வசூல் செய்யப் பழகிய ஊழியரிடம் கடனை மாற்றி எழுதும் வேலையைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

எந்தப் பிடியை அசைத்தால் எவ்வளவு இறங்கும்? 1 லட்சம் கடன், 9 சதவீதம், 20 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 900. வட்டியை 8 ஆக்கினால் 836. வட்டியைத் தொடாமல் காலத்தை 30 ஆண்டாக்கினால் 805. காலநீட்டிப்பு அரசுக்கு இலவசம், கடனாளிக்கு அல்ல: மொத்தம் கட்டுவது 2.16 லட்சத்திலிருந்து 2.90 லட்சமாகிறது. இருந்தாலும் வேலை இழந்தவருக்கு அடுத்த பதினெட்டு மாதமே பிரச்சினை. அசல் தள்ளுபடிக்கு அரசியல் சண்டை பெரிது, பலன் சிறிது. தவறுவதைத் தடுப்பது இந்த மாதத் தவணைதான், கடன் வீட்டு மதிப்பைத் தாண்டிவிட்டதா என்ற கணக்கு அவ்வளவாக அல்ல.

விற்காத வீடுகளை அரசே வாங்குவது

கேட்க நன்றாக இருக்கும்: தேக்கமும் குறையும், வாடகை வீடும் கிடைக்கும். சீன மத்திய வங்கி 2024 மே மாதம் இதற்காக 30,000 கோடி யுவான் மறுகடனை (வங்கிகள் வழியாகக் கொடுக்கும் மலிவுக் கடன்) 1.75 சதவீதத்தில் அறிவித்தது. உள்ளூர் அரசு நிறுவனங்கள் எடுத்தது அதில் மிகச் சிறு பகுதி. ஏன் என்பதை எளிய கணக்கு சொல்லும். 100 விலையுள்ள வீட்டில் ஆண்டு வாடகை 2.5, பராமரிப்பும் காலியாக இருக்கும் மாதங்களும் போக 1.7. நிறுவனம் தன் கடனுக்கு 3 சதவீதம் கட்டினால், நட்டமில்லாமல் கொடுக்கக்கூடிய விலை 57 தான். கட்டுநர் 57-க்கு விற்றால், அதே கட்டடத்தில் 100 கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். கட்டுநருக்குக் கடன் கொடுத்த வங்கியும் தன் அடமானத்தின் மதிப்பைக் குறைத்தெழுத வேண்டும். 80-க்கு வாங்கினால் வித்தியாசத்தை வரி செலுத்துபவர் சுமக்கிறார். அப்படிச் சுமப்பது தவறில்லை, பட்ஜெட்டில் வெளிப்படையாக எழுதினால்.

இடமும் கவனிக்க வேண்டியது. தேக்கம் ஊருக்கு வெளியே, வாடகைத் தேவை ஊருக்குள். ஆட்கள் குறைந்துகொண்டே போகும் சிற்றூரில் வாங்கிய வீடு, அரசுக்குக் காவலாளிச் செலவு மட்டுமே தரும்.

வாராக்கடன் நிறுவனம்

வங்கிகளின் கெட்ட கடன்களை மொத்தமாக விலைக்கு வாங்கி வசூலிக்கும் தனி நிறுவனம் இது. வங்கிகளே திணறினால்தான் தேவை. அயர்லாந்தின் நாமா 7,400 கோடி யூரோ கடன்களை 3,180 கோடிக்கு, 57 சதவீதத் தள்ளுபடியில் வாங்கியது. அந்தத் தள்ளுபடி வங்கிகளில் பெரும் பள்ளம் தோண்டியது, அதை அரசே நிரப்பியது. வலி முன்கூட்டியே வந்ததால், நாமா 2017-க்குள் தன் முதன்மைக் கடனை முழுவதும் அடைத்து உபரியோடு நின்றது. ஸ்பெயினின் சரேப் 2012-ல் சுமார் 5,000 கோடி யூரோ சொத்துகளை எடுத்தது. கடன்களுக்குச் சராசரியாக 46, கைப்பற்றிய சொத்துகளுக்கு 63 சதவீதத் தள்ளுபடி. அதுவும் போதவில்லை. ஆண்டுக்கு ஆண்டு நட்டம், 2021-ல் அதன் கடன் பொதுக்கடனில் சேர்ந்தது, 2022-ல் அரசு பெரும்பான்மைப் பங்கை எடுத்தது. கட்டாத மனைகள் அதிகம் இருந்த சொத்துக்குவியலுக்குக் காகிதத்து விலை கொடுத்தால் இதுவே நடக்கும். எந்த விலைக்கு மாற்றுவது என்பது சரியாக அமைந்தால்தான் மற்ற ஏற்பாடுகள் நிற்கும்.

இந்த இரண்டு விதத்திலும் கடன்களை மாற்றாமல் வங்கிகள் பழைய கடனைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது மூன்றாவது வழி. ஜப்பானில் வீட்டுக் கடன் நிறுவனங்களின் நட்டத்தை அடைக்க 1996-ல் 68,500 கோடி யென் பொதுப் பணம் இறங்கியபோது, நில விலை விழத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் விழுந்தது.

அப்படியானால் வரிசை

அரைகுறைக் கட்டடங்கள் இருப்பில் கணிசமாக இருந்தால், முதல் பணம் அங்கேதான். அது முடியும்வரை வாங்குவோருக்கான சலுகைகள் கட்டி முடித்த வீடுகளையும் பழைய வீடுகளையும் மட்டுமே அசைக்கும். 90 நாள் தவறிய கடன்கள் வேகமாக ஏறினால் தவணை மாற்றம் அதோடு சேர்ந்தே தொடங்க வேண்டும், ஏலங்கள் வரிசைக்கு வந்தபின் அல்ல. முத்திரைத் தீர்வைக் குறைப்பு, வீடுகளும் வாங்குவோரும் இருந்தும் விற்பனை உறைந்து நிற்கும் கட்டத்துக்கு; அதுவும் வழிகாட்டி மதிப்பைத் திருத்தி, இரண்டு படியாக முடியும் தேதி வைத்து. 24 மாதத்துக்கு மேல் இருப்பு இருக்கும் ஊரில் எந்தச் சலுகையோடும் புது அனுமதிகளைக் குறைக்காவிட்டால், ஒரு கையால் தண்ணீரை இறைத்து இன்னொரு கையால் ஊற்றுவதாகும். அரசு வாங்குவது, மேலே கணக்கிட்டபடி 100-க்கு 57 என்ற அளவுக்கு அருகே விலை படியும் இடங்களில் மட்டும். முன்பணத் தளர்வு எல்லாவற்றுக்கும் கடைசி.

எந்தத் திட்டத்தின் ஆணையிலும் முதல் நாளே எழுத வேண்டியது ஒன்று உண்டு: எந்த எண் எதைத் தொட்டால் திட்டம் நிற்கும் என்பது. உதாரணமாக, மூன்று மாதச் சராசரி விற்பனை சரிவுக்கு முந்தைய அளவில் 90 சதவீதத்தை எட்டினால், அடுத்த காலாண்டிலிருந்து சலுகை பாதி. காலண்டர் தேதி வைத்தால் அதை நீட்டிக்கச் சொல்லிக் கட்டுநர்கள் மறுபடி வந்து நிற்பார்கள். எண் வைத்தால், விற்பனை ஏறிய பிறகு அவர்கள் கேட்க வேண்டியது வேறு ஏதாவதாக இருக்கும்.